விட்டுப்போன பாக்கெட்டுகள்

கேபிள் அவள் கையில் இருந்தது. திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

பழுது பார்த்து முடித்ததும் கேபிளைக் கழற்றி, எண்கள் அசையாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பது அவள் வழக்கம். ஏசியின் குளிர் பின்கழுத்தில் ஈரத்துணிபோல் ஒட்ட, விசிறிகளின் இரைச்சல் ஒரே சுருதியில் காதுக்குள் இறங்க, சூடேறிய தூசியின் வாசனை நாக்குவரை கசந்து வர, ஜன்னலில்லாத அந்த அறையில் அவள் குனிந்து பார்த்தாள். நெட்வொர்க் கார்டின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. எண் மட்டும், முழங்கால் வலிக்காரர் படியேறுவதுபோல, நின்று நின்று ஏறியது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆம்புலன்ஸ் உதவி மையத்தின் கூடம். நடுப்பகல் வெளிச்சத்தில் ஹெட்செட் மாட்டிய பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அழைப்புகள் நேராக அவர்களுக்குப் போகும். அவற்றின் நகல் மட்டும் பதிவுக்காக இந்த அறையின் சர்வர் பெட்டிக்கு வரும்.

எதைக் கேட்டாலும் தள்ளிப்போடும் மேலாளருக்குக் கூடத்தில் ‘அப்புறம் சார்’ என்று பெயர். காலையில் அவரிடம் மல்லுக்கட்டித்தான் அனுமதி வாங்கினாள்.

“இத்தனை நாள் நல்லாத்தானேம்மா ஓடிச்சு?”

“ஓடல சார். கூட்டம் அதிகமான நேரத்துல பாதி போன் கால் பதிவே ஆகல.”

“போன போனை நோண்டி என்ன ஆகப்போகுது? செத்த பாம்பை அடிக்கிற நீ.”

பழுது என்னவோ சின்னதுதான். குரல் துண்டு துண்டாக, பாக்கெட்டுகளாக வரும். வந்ததும் கார்டு பிராசஸரைத் தட்டிக் கூப்பிடும். அந்தத் தட்டல்தான் இன்டரப்ட்; திரையில் ஏறும் எண் அதன் கணக்கு. பிராசஸருக்குள் வேலை செய்ய எட்டு கோர்கள் இருந்தும் எல்லாத் தட்டலும் ஒன்றின் தலையிலேயே விழுந்திருந்தது. வீட்டில் ஒருத்தி மட்டும் ஓடி ஓடிக் கதவு திறக்க, மற்றவர்கள் கால்நீட்டிப் படுத்திருப்பதுபோல. அந்த ஒருத்தி ஓய்ந்துபோன நேரத்தில் தட்டியவர்கள் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இன்று தட்டல்களை எட்டுக்கும் பிரித்துவிட்டாள். இனி எது வந்தாலும் திறக்க ஆள் உண்டு.

அம்மா செத்த அன்று தம்பிதான் உடனிருந்தான். “கூப்பிட்டேன்க்கா. வண்டி வருதுன்னு சொன்னாங்க. வரவேயில்ல” என்றான். அவள் பதிவுகளில் தேடினாள். அப்படி ஓர் அழைப்பே இல்லை. “பண்ணாத போனை எங்கடா எடுத்தாங்க?” என்று சொந்தக்காரர்கள் நடுவே கேட்டாள். அவன் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. பெட்டி பொய் சொல்லாது என்று நம்பியிருந்தாள். உண்மையில், அவன் பொய் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் சொன்னது நிஜமானால், அந்த மரணம் அவள் வேலை பார்க்கும் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

எண் இன்னும் ஏறியது. கேபிள் இல்லாமல் கார்டு தானாக முணுமுணுப்பதும் உண்டு. அதுவாக இருக்கும். பாக்கெட் கணக்கைப் பார்த்தாள். அதுவும் ஏறியது.

பதிவைத் திறந்தாள். குரல். பதிவான நேரம், இப்போது.

ஹெட்செட்டை மாட்டினாள்.

முதலில் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை. பிறகு தம்பி. “ஹலோ, அம்மாவுக்கு மூச்சு விட முடியல, சீக்கிரம் வண்டி...” விலாசத்தைச் சொன்னான். தடுமாறாமல், தெளிவாக. அவள் பிறந்த வீட்டு விலாசம்.

தரையில் உட்கார்ந்தாள்.

அவன் குரல் விலகியது. போன் கை மாறியது. மூச்சு. இழுத்து, நின்று, இழுத்து. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும்.

“வண்டி கிளம்பிடுச்சாம்மா?”

அவள் கையிலிருந்த கேபிளைப் பார்த்தாள்.

“இருக்கீங்களா?”

கண்ணாடிக்கு அப்பால் யாரும் திரும்பவில்லை.

“கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லும்மா. என் பொண்ணு அங்கதான் வேலை பாக்குறா. அவகிட்ட சொன்னா உடனே அனுப்பிடுவா.”

மைக்கைக்கூட அவள் இணைக்கவில்லை.

“கிளம்பிடுச்சும்மா” என்றாள்.

மறுமுனையில் மூச்சு நின்றது. கேட்டுக்கொண்டதுபோல.

“நல்லா இரும்மா.”

திரையில் இரண்டாவது கோரின் எண் அசைந்தது.

ஒரு கிழவர். “வண்டி கிளம்பிடுச்சா?”

மூன்றாவது. ஒரு குழந்தை. அப்பா கண்ணைத் திறக்க மாட்டேங்கறார் என்றது.

நான்கு. ஐந்து. ஹெட்செட்டைக் கழற்றி எறிந்தாள். குரல்கள் குறையவில்லை. ஆறு. ஏழு. எட்டு வரிசையும் ஓடின, கண்ணால் படிக்க முடியாத வேகத்தில். பெட்டி ஒன்றைக்கூட விடவில்லை.

பிறகு எல்லாக் குரல்களும் ஒரே சமயத்தில் அடங்கின. அவர்கள் கேட்டாகிவிட்டது. இனி பதில் வர வேண்டும்.

குளிர்ந்த தரையில், கழற்றிய கேபிளை மடியில் போட்டுக்கொண்டு, அவள் வாயைத் திறந்தாள்.

“கிளம்பிடுச்சு” என்றாள். “கிளம்பிடுச்சு. கிளம்பிடுச்சு.”