முகந்தின்னிப் பொதி

செவ்வாய்க் கிரகத்துக் குமிழ்க் குடியிருப்பில் பல் தேய்ப்பதற்கு முன்னால் எல்லோரும் தலையைப் பெருக்கிக்கொள்வார்கள். நெற்றிக்குள் பதித்த சில்லில் வந்து குவிந்திருக்கும் செய்திப் பொதிகளை, வீட்டுக்குக் காவலிருக்கும் கட்டியன் என்ற சிறு இயந்திரம் ஒவ்வொன்றாகக் கூவி அறிவிக்கும். வேண்டுமென்றால் புருவத்தை உயர்த்தினால் போதும். பொதி மூளைக்குள் விரியும். வேண்டாமென்றால் குப்பை.

சௌந்தரவல்லி அன்று மூன்றாம் தடவையாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அது தலையா, தாம்பாளமா? தேய்ஞ்சுடப் போகுது," என்றார் கணவர் அறவாழி.

"நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம். உங்களுக்கு விளையாட்டா இருக்கா? பக்கத்துக் குமிழ்ல நடந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. உறவினர் முகங்களை மனிதர்கள் தாமே நினைவு வைத்துக்கொள்வதை விட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. அது சில்லின் வேலை. போன மாதம் பக்கத்துக் குமிழில் ஒரு கல்யாண வீட்டுக்கு முகந்தின்னி என்ற திருட்டுப் பொதி வந்தது. திறந்தவர்களின் சில்லில் ஒரு முகம்கூட மிஞ்சவில்லை. யார் எந்த வீடு என்று தெரியாமல் சண்டை முற்றி, கல்யாணமே நின்றுபோயிற்று.

கட்டியன் கூவியது. "மாப்பிள்ளையின் சித்தப்பா தணிகாசலம். மண்டபம் மாற்றம். உடனே திறக்கவும்."

சௌந்தரவல்லிக்குப் பகீரென்றது. துடித்த புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த வழியா வந்திருக்கு?"

"பெயர் அவருடையது. முகவரி அவருடையது அல்ல. முகப்பெட்டகத்தின் சாவியையும் கேட்கிறது."

"மண்டபம் மாறினதைச் சொல்ல முகம் எதுக்கு?" என்றவள், பொதிக்குப் பதில் போடாமல் தணிகாசலத்தையே தனியாகக் குரலில் அழைத்தாள்.

"நான் எதுவும் அனுப்பலியே சம்பந்தியம்மா! அதே மண்டபம்தான். தோரணம் கட்டிக்கிட்டிருக்கேன்."

அறவாழி அசந்துபோனார். "கெட்டிக்காரிதான். சரி, குப்பையில போடு."

"நான் தப்பிச்சா மட்டும் போதுமா? உங்க அக்கா ஒருத்தர் போதுமே, எதைப் பார்த்தாலும் திறப்பாங்க. எல்லாருக்கும் சொல்லணும்."

இரு வீட்டாரும் சேர்ந்திருந்த சொந்தபந்த வளையத்துக்கு எழுதினாள்: 'முகந்தின்னி வந்திருக்கு. யாரும் திறக்காதீங்க. இதுதான் அது.' கீழே பொதியையும் கோத்தாள்.

"எச்சரிக்கை மட்டும் போகட்டும். பொதி வேண்டாம்," என்றது கட்டியன்.

"அட, போ! எப்படி இருக்கும்னு தெரியாம எப்படி ஒதுக்குவாங்க?"

கட்டியன் அடங்கியது. அந்நியரிடமிருந்து வருவதைத் தடுக்கத்தான் அதற்கு அதிகாரம். சொந்தக்காரர்களுக்குப் போவதைத் தடுக்கும் அதிகாரத்தை எந்த இயந்திரத்துக்கும் மனிதர்கள் கொடுக்கவில்லை. பொதி போய்ச் சேர்ந்த வீடுகளின் கட்டியன்களும் அதைத் தடுக்கவில்லை. சௌந்தரவல்லியின் ஜாக்கிரதை ஊரறிந்தது; அவள் பெயரில் வருவதைக் கேள்வி கேட்காமல் உள்ளே விடும்படி எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார்கள்.

மறுநாள் மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். அறவாழியின் அக்கா வந்தார். சந்தனத்தைத் தொட்டு வைத்துக்கொண்டார்.

"நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"என்ன அண்ணி, காலங்காத்தால கிண்டல்?"

கிண்டல் இல்லை. உள்ளே தணிகாசலம், மாப்பிள்ளையின் அப்பாவையே வழிமறித்து, "யாருய்யா நீ, விறுவிறுன்னு மேடை ஏறுறே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைக் கேட்க நீ யாருய்யா?" என்று அவர் துண்டை உதறினார். இரண்டு பக்கமும் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம்.

சௌந்தரவல்லி மணப்பெண் அறைக்கு ஓடினாள். மகள் நிரஞ்சனா மாலையோடு எழுந்து மரியாதையாகக் கைகூப்பினாள்.

"வாங்க. எங்கம்மாவைப் பார்த்தீங்களா? ரொம்ப நேரமாத் தேடிக்கிட்டிருக்கேன்."

கிண்ணம் நழுவியது. "நான்தாண்டி உங்கம்மா! நீயுமா திறந்தே? திறக்காதீங்கன்னு கொட்டை எழுத்துல போட்டேனேடி!"

குரலை வைத்துத்தான் மகள் கண்டுகொண்டாள்.

"போட்டிருந்தீங்கம்மா. எதைத் திறக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா? அதுக்குத்தான் எல்லாரும் திறந்து பார்த்தோம்."

தாயின் முகம் போன போக்கைப் பார்த்து, அவளைத் தேற்றுவதுபோலச் சொன்னாள்:

"கவலைப்படாதீங்க. என் சிநேகிதிகளையும் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லி, எல்லாருக்கும் அதை அனுப்பிட்டேன்."