அலமாரியில் மூன்று தட்டு

ஊர் வழக்கங்களை அளக்கும் வழக்குமானி சிவப்பு விளக்கைப் போட்டது. மங்கையர்க்கரசி எண்ணை மட்டும் பார்த்தாள். பிறழ்வு: நான்கு புள்ளி ஒன்று.

"மூணைத் தாண்டிடுச்சு. முடிஞ்சது" என்றாள்.

சுவரளவு திரையில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அடியில் இருந்தது 1998-ல் பதிவான கீழமருதங்குடிக் கண்மாயின் மீன்பிடித் திருவிழா. மேலே இருந்தது அதே கரை, அதே விழா, போன ஞாயிற்றுக்கிழமை, 2071-ல். பழையதோடு புதியது ஒட்டாத இடத்திலெல்லாம் மானி சிவப்புப் புள்ளி வைத்திருந்தது.

சட்டம் எளிமையானது. ஓர் ஊரின் வழக்கம் பதிவில் உள்ளபடியே நடக்கும்வரை, அது நடக்கும் இடத்தை யாரும் தொட முடியாது. நூற்றுக்கு மூன்றுக்கு மேல் பிறழ்ந்தால் வழக்கம் செத்ததாக அறிவிப்பு. கீழமருதங்குடிக் கண்மாயை வளைத்துக் கணினிக்கூடங்களுக்குக் குளிர்நீர் எடுக்க வாரியம் ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தது. மாலை ஐந்து மணிக்கு மங்கையர்க்கரசி கையெழுத்துப் போட்டால் கண்மாய் போய்விடும்.

நாட்டார் வழக்காற்று ஆவண நிலையத்தின் மூன்றாவது இயக்குநர் அவள். அடுத்த மாதம் சென்னைக்குத் தலைமை ஆணையராகப் போகிறாள். நாலாயிரத்துப் பன்னிரண்டு வழக்கங்களைப் பிறழாமல் காத்தவள் என்றுதான் அந்தப் பதவியே தேடி வந்தது.

எதிரே நின்ற பஞ்சவர்ணம் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கீழமருதங்குடியின் ஊராட்சித் தலைவி.

"எந்த எடத்துல தப்பாப்போச்சாம்?"

"வலையை எடுத்துட்டு எல்லாரும் தண்ணிக்கு முதுகைக் காட்டி பதினோரு நிமிஷம் நிக்கணும். இந்த வருஷம் ஆறு நிமிஷத்துலயே திரும்பிட்டீங்க."

"மாசமா இருந்த புள்ள மயங்கி விழுந்துருச்சு. சித்திர மாச வெயிலு. தண்ணி தெளிக்காம என்ன செய்யச் சொல்றீக? கணக்குக்கு இன்னும் அஞ்சு நிமிசம் பாக்கி இருக்கு, கெடடீன்னு விட்டுறவா?"

"பதிவுல மயக்கம் இல்ல."

பஞ்சவர்ணம் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். "பதிவுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க அய்யா பத்து வயசுப் பயலா அன்னைக்கு அங்கன நின்னாரு. ஒங்க ஆபீஸ ஆரம்பிச்ச மகராசன்தான் படம் புடிக்க வந்தது. பாட்டு புடிக்கிற கேசட்டு தீந்துபோச்சு. புதுசு ஜீப்புல கெடக்கு. எடுத்துட்டு வர்ற வரைக்கும், 'மீனப் பாத்தா ஒங்க கை நிக்காது, திரும்பி நில்லுங்கப்பா'ன்னு சொல்லியிருக்காரு. படம் புடிக்கிற பொட்டி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துருக்கு. அதான் ஒங்க பதினோரு நிமிசம். சட்டம் வந்த நாள்லருந்து பத்தொம்பது வருசமா ஒங்க ஆளு கேசட்டு மாத்துனதுக்கு நாங்க வெயில்ல நிக்கிறோம்!"

"கதை."

"கதைன்னா அவரு எழுதுன நோட்டு இருக்கும்ல? எடுங்க."

மறுத்தால் நீதிமன்றம்வரை போவாள் என்று தோன்றியது. மங்கையர்க்கரசி எழுந்து பழைய ஆவணங்கள் இருக்கும் பேழையறைக்கு நடந்தாள். வாசலில் ஊழியர்கள் ஆறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். நிறுவனரின் இரும்பு அலமாரியைத் தினமும் திறக்கும்போதெல்லாம் நிற்பதுதான். மங்கையர்க்கரசி வலது கையை மடக்கி அலமாரிக் கதவில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் பொறுத்தாள். பிறகுதான் சாவியைப் போட்டாள்.

"எதுக்குத் தட்டுனீக?" என்றாள் பஞ்சவர்ணம்.

"எப்பவும் தட்டுறதுதான்."

"அதான், எதுக்கு? உள்ள யாரும் குடியிருக்காகளா?"

"இங்க நின்னு ஏன் எதுக்குன்னு கேக்குற வேலை வச்சுக்காதீங்க! வந்த வேலையைப் பாருங்க!" மங்கையர்க்கரசியின் குரல் அறையே அதிரும்படி வந்தது. ஊழியர்களும் பஞ்சவர்ணத்தை முறைத்தார்கள்.

பஞ்சவர்ணம் அவர்களின் வெறுங்கால்களைப் பார்த்தாள்.

நோட்டு கிடைத்தது. 1998, சித்திரை. 'ஒலிநாடா தீர்ந்தது. மக்களைத் திரும்பி நிற்கச் சொன்னேன். 11 நிமிடம்.'

மங்கையர்க்கரசி அந்த வரியோடு நிறுத்தினாள். ஒரு பதிவில் பிசகு என்றால் நாலாயிரத்திலும் பிசகு தேடுவார்கள். கும்மியாட்டத்துக்கு நடுவே இருமுவதும், தேரிழுக்கும்போது எல்லாரும் இடப்பக்கம் ஒதுங்குவதும் யாருடைய வேலை என்று கேட்பார்கள். நோட்டை மூடினாள்.

"இதுல ஒண்ணும் இல்ல."

"காட்டுங்க."

"பொதுமக்கள் தொடக்கூடாது."

பஞ்சவர்ணம் சிரித்தாள். இனிமையான சிரிப்பு இல்லை. நேரே வழக்குமானியை இயக்கும் ராயப்பனிடம் போனாள். "தம்பி, புதுசா ஒரு வழக்கத்தப் பதியணும்னா யாரு மனுக் குடுக்கலாம்?"

"யார் வேணா குடுக்கலாம்மா. ஒரு மணி நேரத்துல மானி சோதிச்சுச் சொல்லிரும்."

"அப்ப எழுது. எடம், இந்த ஆபீசு. வழக்கம், அலமாரி தட்டுறது."

ராயப்பன் இயக்குநரைப் பார்த்தான். அவள் உதட்டைச் சுழித்தாள். "போடட்டும். சிரிச்சுட்டுப் போவோம்."

எது வழக்கம் என்று மானிக்கு விதி எழுதிய குழுவில் அவளும் இருந்தவள்தான். ஐந்து அடையாளங்கள். மூன்று தலைமுறையாக நடக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே முறையில் நடக்க வேண்டும். செய்பவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கக் கூடாது. காரணம் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வர வேண்டும்.

எதையும் வீசியெறியாத நிலையம் அது. தன் அறைகளின் கண்காணிப்புப் படங்களையும் எழுபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தது. மானி அத்தனையையும் மேய்ந்தது. நிறுவனர் தட்டினார். அடுத்தவர் தட்டினார். இவள் தட்டினாள். கடைசியாக, சற்றுமுன் பேழையறையில் எழுந்த அவளுடைய குரலையே எடுத்துக் கோபத்தை அளந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. பிறழ்வு: சுழியம் புள்ளி இரண்டு.

"மேடம்," ராயப்பன் திரையைப் படித்தான், "மாநிலத்துலயே இவ்வளவு சுத்தமான வழக்கம் வேற இல்லையாம்."

"அழிச்சிடு."

"பதிஞ்சதை அழிக்க முடியாது மேடம். நீங்க போட்ட விதிதான்."

விதிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒரு வழக்கத்தை நடத்துவோர் இன்னொரு வழக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆகவே கண்மாய் மீது இயக்குநரின் கையெழுத்து செல்லாது. வழக்கம் நடக்கும் நாளில் அதன் தலைமைச் சடங்காளர் ஊரைவிட்டுப் போகக் கூடாது.

"எந்தெந்த நாள்ல நடக்குதாம்?" என்றாள் பஞ்சவர்ணம்.

"தினமும்" என்றான் ராயப்பன்.

"அப்ப மெட்ராசு?"

ராயப்பன் இல்லையென்று தலையாட்டினான். பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துச் செருகினாள். "மூணுக்கு மேல பிசகுனா இந்தக் கட்டடத்த எவனாவது வளைச்சுருவான். பாத்துத் தட்டுங்க."

அவள் போனபிறகு ராயப்பன் மெல்லச் சொன்னான். "ஒரு வழி இருக்கு மேடம். ஏன் தட்டுறோம்னு காரணம் தெரிஞ்சுட்டா அது வழக்கம் இல்ல, வெறும் பழக்கம். பதிவு தானா ரத்தாயிடும். சென்னைக்குப் போயிடலாம். நிறுவனர் எங்கயாவது எழுதி வச்சிருப்பாரா?"

மங்கையர்க்கரசி மீண்டும் நோட்டைப் பிரித்தாள். அதே பக்கம், அதே நாள். பதினொரு நிமிடத்துக்கு அடுத்த வரி: 'திரும்பி வந்து நாடாக்களை அலமாரியில் வைத்தேன். உள்ளே எலி. இனித் திறக்குமுன் மூன்று முறை தட்டி ஓடவிட வேண்டும்.'

இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு விரல் இடம்கூட இல்லை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வழியில்லை.

"இருக்கா மேடம்?"

அவள் நோட்டை அலமாரியின் அடித்தட்டில், ஆழத்தில் தள்ளினாள். "இல்ல."

மறுநாள் காலை பேழையறை வாசலில் கீழமருதங்குடிக்காரர்கள் இருபது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பதிவான வழக்கத்தை யாரும் வந்து பார்க்கலாம். வறுத்த கடலைப் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் செருப்பைக் கழற்றினார்கள். மேலே வழக்குமானியின் கண் அசைந்தது.

மங்கையர்க்கரசி கையை மடக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"ஏந்தாயி," முன்வரிசையிலிருந்து பஞ்சவர்ணம் கேட்டாள், "எதுக்குத் தட்டுறீக?"

பதில் மங்கையர்க்கரசியின் நாக்கு நுனியில் நின்றது. எலி. ஒரே ஒரு சொல்.

"கேள்வி கேக்குற இடமா இது? வாயை மூடிட்டு உக்காருங்க!" என்று கத்தினாள் மங்கையர்க்கரசி.

பச்சை விளக்கு எரிந்தது.