வினிதா வைத்த பேர்

சனிக்கிழமை மதியக் காட்சி முடிந்தது. தியேட்டர் வாசலுக்கு வருவதற்குள் கூட்டத்தில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

படத்தின் பெயர் ‘இருபத்தொன்பதாம் மாடி’. தாரா என்ற சிறுமியை ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில் கடத்தி வைத்திருக்கிறார்கள். ஹீரோ ஒற்றை ஆளாக ஏறிப்போய், மாடிக்கு மாடி சண்டை போட்டு, அவளைப் பத்திரமாகக் கீழே கொண்டுவருகிறார். அவ்வளவுதான் கதை.

“முதல் பாதி ராக்கெட். ரெண்டாம் பாதி மாட்டுவண்டி!” என்றார் ஒருவர்.

“போங்க சார், ரெண்டாம் பாதிதான் படமே!” என்றார் அவருக்குப் பின்னால் வந்தவர்.

“பாப்கார்ன் நல்லா இருந்துச்சு” என்றார் மூன்றாமவர்.

வினிதாவின் குடும்பத்திலும் ஒற்றுமை இல்லை. அவளுடைய அப்பா சிவகுமார் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். “இருபத்தொன்பது மாடி இறங்கியிருக்கான். சட்டையில ஒரு பொட்டு அழுக்கு இல்லையே!” என்றார்.

அம்மா சந்திரிகா இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். “குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு அவன் குழாயைப் பிடிச்சு இறங்கினப்போ எனக்கு மூச்சே நின்னுபோச்சு. நீங்க சட்டையைப் பார்த்துக்கிட்டிருந்தீங்களா?”

ஆறாம் வகுப்பு படிக்கும் வினிதாவுக்கு வேறொரு கோபம் இருந்தது. அதை யாரிடமாவது கொட்டிவிடத் துடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு மைக் அவள் முகத்துக்கு நேராக நீண்டது.

மைக்கைப் பிடித்திருந்தவர் பென்னி. இணையத்தில் சினிமா சேனல் நடத்துகிறவர். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களைப் பேசவைத்து வீடியோ போடுவார்.

“இன்னா பாப்பா, படம் எப்டி கீது?”

“சண்டை நல்லா இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு ஏன் எதுவுமே செய்யல? ஹீரோ வெளியே நின்னு கதவைத் தட்டறார். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு. கையை நீட்டித் திறக்கலாம். அவ திறக்கல. அதனால அவர் கதவை உடைக்கிறார்!”

“அட, ஆமாம்ல!” என்றார்கள் சுற்றி நின்றவர்கள். இன்னும் நாலைந்து பேர் கிட்டே வந்தார்கள். எல்லாரும் தன்னையே பார்ப்பது வினிதாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. குரலை உயர்த்தினாள்.

“படம் முழுக்க அழுகை! சரியான அழுமூஞ்சி! பக்கத்துல ஒரு பக்கெட் வெச்சிருந்தா ரொம்பி வழிஞ்சிருக்கும்!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பென்னி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கீழ்வீட்டு பட்டாபிராமன் மாமா மாடிப்படியில் அவளை நிறுத்திக் கைகுலுக்கினார். வினிதா அந்த வீடியோவைப் பதினான்கு முறை பார்த்தாள். பதினைந்தாவது முறை அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குள் நுழைந்தபோது, தண்ணீர்க் குழாய் பக்கம் ஒரே கூட்டமாக இருந்தது.

“அழுமூஞ்சி! அழுமூஞ்சி!”

வினிதா எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. தோளில் பை. அவள் எதிரே பச்சை நிற பக்கெட் ஒன்று இருந்தது. அதை வைத்தவன் வினிதாவின் வகுப்பில் படிக்கும் ஸ்ரீரங்கன்.

“ம், அழு! ரொப்பு பார்க்கலாம்!” என்றான் அவன். வினிதாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “வா வா! இவதான் அந்தத் தாரா! நம்ம ஸ்கூல்லதான் அஞ்சாவது படிக்கிறா. ஜூன்ல சேர்ந்தாளாம். இத்தனை நாளா நமக்குத் தெரியவே இல்ல பாரேன்!”

வினிதா அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்தாள். படத்தில் பார்த்தது புழுதி படிந்த முகம், கலைந்த முடி. ஆனால் கண்கள் அதே கண்கள்தான்.

அந்தப் பெண் அழவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வினிதாவை ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு பக்கெட்டைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அன்று காலைப் பாடம் எதுவும் வினிதாவின் தலையில் ஏறவில்லை. மதிய மணி அடித்ததும் நேராக ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். அந்தப் பெண் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“உன் பேரென்ன?” என்று கேட்டாள் வினிதா.

“அபிதகுஜாம்பாள்.”

“அவ்ளோ பெரிய பேரா?”

“படத்துல பேபி அபின்னு போட்டாங்க. முழுசாப் போட்டா ஹீரோ பேரைவிட நீளமாயிடும்னாங்க.”

வினிதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நேரமில்லை. “நான்... அந்த வீடியோவுல பேசினது...”

“நீங்க சொன்னது சரிதான் அக்கா” என்றாள் அபிதா. “டைரக்டர் அங்கிள்கிட்ட நானே கேட்டேன். தாழ்ப்பாள் கிட்டத்தானே இருக்கு, திறக்கட்டுமான்னு. ‘நீ அழு கண்ணு, மத்ததை ஹீரோ பார்த்துப்பார்’னுட்டார்.”

“அப்போ உனக்குக் கோவம் இல்லையா?”

அபிதா ஸ்பூனைக் கீழே வைத்தாள். “படம் நல்லா இல்லைன்னு யார் வேணாலும் சொல்லலாம். எங்க மாமாவே தூங்கிட்டார். ஆனா படத்துல அழறது தாரா. நீங்க வெச்ச பேரைச் சொல்லி இங்க எல்லாரும் கூப்பிடறது என்னை.”

வினிதா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நான் பழைய ஸ்கூலுக்கே போயிடறேன். கோவிலம்பாக்கத்துல இருக்கு. டி.சி. வாங்க அம்மாவை நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லப்போறேன்” என்று சொல்லிவிட்டு, டப்பாவை மூடினாள் அபிதா. பாதிச் சாதம் அப்படியே இருந்தது.

வினிதா எழுந்து வெளியே வந்தாள். ‘போகவிடமாட்டேன்’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மாலை வீட்டுக்கு வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னாள். “அம்மா, தியேட்டருக்குப் போகணும். பென்னி அண்ணாவைப் பார்க்கணும்.”

“நான் பேசட்டுமா?”

“வேணாம்மா. நீ கூட நின்னா போதும். அன்னிக்கு நான்தானே பேசினேன்? இன்னிக்கும் நானே பேசறேன்.”

அம்மா ஸ்கூட்டரை எடுத்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியக் காட்சி விட்டுக்கொண்டிருந்தது. பென்னி மைக்கோடு தயாராக நின்றார்.

“அண்ணா, என் வீடியோவை எடுத்துடுங்க.”

“பேஜார் பண்ணாத பாப்பா! ஒண்ணேகால் லட்சம் பேர் பார்த்துக்கிறாங்க. என் சேனல்ல அதான் டாப்பு!”

“அந்தப் பொண்ணு என் ஸ்கூல்தான். எல்லாரும் கிண்டல் பண்றாங்க. ஸ்கூலை விட்டே போறேங்கறா.”

“அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?” என்று பென்னி திரும்பிக்கொண்டார். வெளியே வந்த ஒரு மீசைக்காரரிடம் மைக்கை நீட்டினார்.

வினிதா போய் மீசைக்காரருக்குப் பக்கத்தில் நின்றாள். சும்மா நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கேமராவையே பார்த்தாள்.

“கொஞ்சம் தள்ளு பாப்பா.”

தள்ளினாள். அடுத்து ஒரு கல்லூரி மாணவர் பேச வந்தார். வினிதா அவர் பக்கத்தில் நின்றாள். அதற்கடுத்து, பாட்டுக் கச்சேரி போல இழுத்து இழுத்துப் பேசுகிற ஓர் அம்மாள். அவர் தோளுக்குப் பின்னாலும் வினிதாவின் முகம் தெரிந்தது. ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரோடும் வினிதா இருந்தாள்.

“யாருங்க இந்தப் பாப்பா? படத்துல நடிச்சவங்களா?” என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

பென்னியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இன்னாக்கா உங்க பொண்ணு, அந்த ஹீரோகூட இவ்ளோ நேரம் நிக்கலியே!” என்றார் அம்மாவிடம். பிறகு போனை எடுத்தார். “சரி. அழுமூஞ்சி, பக்கெட்டு, ரெண்டையும் வெட்டிடறேன். தாழ்ப்பாள் மேட்டரு இருக்கட்டுமா? அது கரெக்ட்டான பாயிண்ட்டு.”

வினிதா யோசித்தாள். “அது இருக்கட்டும்.”

“ஆனா ஒண்ணு பாப்பா. ஏற்கெனவே எடுத்து வெச்சிருக்கிறவங்க போன்ல இருந்து என்னால வெட்ட முடியாது.”

அதுவும் வினிதாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. மீதி வேலை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீரங்கன் மறுபடியும் பக்கெட்டோடு குழாயடியில் நின்றான். அபிதா கேட்டைத் தாண்டி வந்ததும், “வந்தாச்சு, வந்தாச்சு!” என்று கத்தினான். கூட்டம் கூடியது.

வினிதா விறுவிறுவென்று நடந்து போய் பக்கெட்டுக்கு முன்னால் நின்றாள்.

“அழறது அவ்ளோ ஈஸியா ஸ்ரீரங்கா?”

“பின்னே? சின்னப் பாப்பாகூட அழும்.”

“சரி, நீ அழு. நாங்க பார்க்கிறோம்.”

“இப்பவா?”

“இப்பத்தான். பக்கெட்டுகூட உன்னோடதுதானே!”

பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லார் கண்ணும் ஸ்ரீரங்கன் மேல் திரும்பியது. பின்வாங்க வழியில்லை. அவன் கண்ணை இறுக மூடினான். முகத்தைக் கோணினான். “ஊ...ஊ...” என்றான். குக்கர் விசில் அடிப்பதுபோல இருந்தது. கையைக் கிள்ளிக்கொண்டான். கணக்குப் பரீட்சை மார்க்கை நினைத்துக்கொண்டான். கடைசியில் ஒரு விக்கல்தான் வந்தது.

“நான் பண்றேன், நான் பண்றேன்!” என்று இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி கண்ணைக் கொட்டாமல் பார்த்ததில் தும்மல் வந்துவிட்டது. வினிதாவும் முயன்றாள். உதடு பிதுங்கியதுதான் மிச்சம். பக்கெட்டில் ஒரு சொட்டு விழவில்லை.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“கண்ணை மூடக் கூடாது.”

அபிதாதான். பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“முகத்தைக் கோணவும் கூடாது. அழணும்னு நெனச்சா வரவே வராது அண்ணா. அழவே கூடாதுன்னு நெனைக்கணும். உங்களுக்கு ரொம்ப வருத்தமான ஒண்ணை நெனச்சுக்குங்க. ஆனா இத்தனை பேர் முன்னாடி ஒரு சொட்டுகூட விடக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கணும்.” ஒரு நொடி நிறுத்தினாள். “நேத்து இங்க நான் நின்னேனே, அந்த மாதிரி.”

சிரிப்பு நின்றுபோனது.

ஸ்ரீரங்கன் நிமிர்ந்து நின்றான். கண்ணை மூடவில்லை. பல்லைக் கடித்தான். அவன் எதை நினைத்தானோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவன் மோவாய் நடுங்கியது. இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு வந்தது.

“கட்!” என்றாள் அபிதா.

யாரோ கைதட்டினார்கள். ஸ்ரீரங்கன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். யாரையும் பார்க்காமல், “எங்க டாமி செத்துப்போனதை நெனச்சேன்” என்று முணுமுணுத்தான். பிறகு குனிந்து பக்கெட்டை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

வினிதா தொண்டையைச் செருமிக்கொண்டாள். மைக் முன்னால் பேசியதைவிட இது கஷ்டமாக இருந்தது.

“எல்லாரும் கேளுங்க. அந்தப் படம் எனக்குப் பாதிதான் பிடிச்சுது. அதை இப்பவும் சொல்லுவேன். ஆனா அழுமூஞ்சின்னு பேர் வெச்சது தப்பு. அது நான் வெச்ச பேர். அதனால நானே எடுத்துக்கறேன். இனிமே யாருக்காவது அப்படிக் கூப்பிடணும்னு தோணினா என்னைக் கூப்பிடுங்க.”

பின்வரிசையில் ஒரு வாண்டு மட்டும், “அழுமூஞ்சி அக்கா!” என்று கூப்பிட்டுப் பார்த்தது.

“என்ன?” என்று வினிதா திரும்பினாள்.

“ஒண்ணுமில்லக்கா. சும்மா.”

அபிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளியில் அவள் சிரித்து யாரும் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்பல் இரண்டுக்கும் நடுவில் அழகான ஓர் இடைவெளி இருந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாலையில் அபிதாவின் அம்மா சொன்னபடி வந்தார். கேட் அருகே வினிதா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆபீஸ் ரூமுக்குப் போலாமா அபி? டி.சி. கேட்கணும்னியே?”

“நாளைக்கு முடியாதும்மா. மதியம் ஏழு பேருக்கு நடிப்புக் கிளாஸ் எடுக்கறேன்னு சொல்லிட்டேன்.”

“நாளைக்கு இல்லம்மா, இன்னிக்கே கேட்கலாம்.”

“இன்னிக்குக் கேட்டுட்டா நாளைக்கு எப்படிக் கிளாஸ் எடுக்கறது?”

“சரி. அப்போ வெள்ளிக்கிழமை கேட்டுக்கலாமா?”

“வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கன் அண்ணாவுக்கு வில்லன் சிரிப்பு சொல்லித் தரணும்” என்றாள் அபிதா. “அது ரொம்ப நாள் ஆகும்மா. அவருக்குச் சிரிச்சாலும் விக்கல் வருது.”