தாழம்புதருக்குப் பின்னால் பத்தொன்பது பேர்

பகல் பதினொன்றேகாலுக்கு ஓவியக்கூடத்தில் ஒருவன் ‘தாமரைக்குளம்’ ஓவியத்தை அட்டை வெட்டும் கத்தியால் இரண்டு இடத்தில் கிழித்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“எங்க பக்கம் பதினாறு நாளா குழாய்ல காத்துதான் வருது! படத்துல மட்டும் குளமாடா உங்களுக்கு?” என்று அவன் கத்தினான்.

“அண்ணே, கொஞ்சம் பெரிசா கிழிங்க. வீடியோல தெரியல” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு.

கூடத்தின் காவலாளி மரியசெல்வம் அவன் தோளைத் தொட்டார். “முடிஞ்சிதா தம்பி? வாங்க, வாசல்ல டீ இருக்கு.” கைது கிடையாது, வழக்கும் கிடையாது. இன்னும் ஏழு நிமிடத்தில் கிழிசலே இருக்காது. இல்லாத சேதத்துக்கு எந்த நீதிமன்றம் வழக்கு எடுக்கும்?

ஆறுபடலம் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு அது. காயம் பட்ட இடத்தில் மட்டும் விழித்துக்கொண்டு, துணியைத் தைத்து, வண்ணத்தைத் திரும்பக் கொடுக்கும். முதலில் ஓவியங்களுக்குப் பூசினார்கள். பிறகு சிலைகளுக்கு, அலுவலகச் சுவர்களுக்கு, பாலங்களுக்கு, பேருந்துகளுக்கு. இன்று நாட்டில் யார் எந்தச் சுவரில் எதை எழுதினாலும் தேநீர் ஆறுவதற்குள் மறைந்துவிடும். ஜனங்கள் தாராளமாகக் கோபப்படலாம் என்று அரசு பெருமையாகச் சொல்லிக்கொண்டது. ஒரு தழும்பைக்கூட விட்டுவைக்காத கோபத்துக்கு யார் பயப்படப் போகிறார்கள்?

வாசலுக்குப் போகும் வழியில் அவன் திரும்பிப் பார்த்து, “ஒரு நாள்கூட நிக்காதாய்யா?” என்று கேட்டான். எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, படம் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறைமதியும் பார்த்துக்கொண்டிருந்தாள். திருச்சி ஓவியக்கூடத்தின் படலப் பராமரிப்பாளர் அவள். இருபத்தாறு வயது, அவள் வீட்டில் முதல் பட்டதாரி. இந்த ஓவியம் அவளுடைய ஏழாம் வகுப்புப் பாடநூலின் அட்டைப்படமாக இருந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் திருமேனிநாதர் வரைந்தது. குளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நகைகள் பூட்டிய ஒரு பெண், இடுப்பில் நிறைகுடம், கடைக்கண் பார்வை. பின்னால் கரை முழுக்கத் தாழம்புதர். ‘தாழம்புதரின் எழில்’ என்று கட்டுரை எழுதி மாவட்டப் பரிசே வாங்கியிருக்கிறாள் நிறைமதி. அவள் தெருக்காரர்கள் இன்றுவரை ஊர்க்குளத்தில் இறங்க முடியாது. யாரும் அதைச் சட்டமாக எழுதவில்லை. சும்மா ஒரு வேலி போட்டிருக்கிறார்கள்.

தாமரையில் விழுந்த கிழிசல் மூடிக்கொண்டது. தாழம்புதரில் விழுந்த கிழிசலும் மூடிக்கொண்டது. ஆனால் அங்கே பச்சை திரும்பி வரவில்லை. பழைய பச்சை பொடிப்பொடியாக உதிர்ந்து, அந்த இடத்தில் ஒரு பாதம் வந்தது. கறுத்த, சேறு அப்பிய பாதம்.

கைபேசிகள் இன்னும் கிட்டே நெருங்கின.

இயக்குநர் சிவசைலம் மேல்மாடியிலிருந்து ஓடிவந்தார். “என்னம்மா இது? படலம் கெட்டுப்போச்சா?”

“கெடல சார். ஒழுங்காத்தான் வேலை பாக்குது.”

படலத்துக்கு ஓவியர் யார், கிறுக்கியவன் யார் என்பதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே விதி: எந்த வண்ணம் முதலில் காய்ந்ததோ அதுதான் அசல், பிறகு மேலே ஏறியதெல்லாம் அழுக்கு. கிறுக்கல்களை அழிப்பதற்காக வைத்த விதி. அதனால்தான் பூசுவதற்கு முன் ஒவ்வொரு ஓவியத்தையும் ஊடுகதிரில் படம் எடுத்து, அடியில் வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஓவியத்துக்கு மட்டும் எடுக்கவில்லை. ‘மகானோட படத்தை ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி எக்ஸ்ரே எடுக்கறதா’ என்று சிவசைலம் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாகச் சூடம் காட்டி, சட்டத்துக்குச் சந்தனம் வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டுப் பூசச் சொன்னார்.

“அடியில ஆள் இருக்காங்க சார். அவரே முதல்ல வரைஞ்சிருக்காரு. அப்புறம் அவங்க மேல புதர் போட்டு மூடியிருக்காரு.”

சிவசைலம் குரலைத் தாழ்த்தினார். “சரி, மூடினாருன்னே வெச்சுக்குவோம். வரைஞ்சவருக்கு மனசு மாறக் கூடாதா? அந்த உரிமைகூட அவருக்குக் கிடையாதா?”

“இருக்கு சார். அவர் மாத்தினாருன்னு பக்கத்துல எழுதி வைப்போம். எதை மாத்தினாருன்னும் எழுதி வைப்போம்.”

“புள்ளைங்க புஸ்தகத்துல இருக்கற படம்மா இது! குளம், பூ, ஒரு லட்சணமான பொண்ணு. அவ்வளவுதான். இதுல கண்டவனோட காலைக் கொண்டாந்து வைக்காத.”

கண்டவனோட கால். நிறைமதிக்குக் காது சூடானது.

“கீழ போய் உறக்க விளக்கை எடுத்துட்டு வரேன்” என்றார் அவர். உறக்க விளக்கின் ஒளி பட்டால் படலம் தூங்கிவிடும். அதன்பின் மேலே எதைப் பூசினாலும் நிற்கும். “உள்ளங்கை அகலம்தான். ரெண்டு இழுப்பு பச்சை போட்டா முடிஞ்சது. கேட்டா படலக் கோளாறுன்னு சொல்லிக்கலாம். பத்து நிமிஷம். யாரையும் கிட்ட விடாத.”

படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்தது. பத்து நிமிடம் கழித்து இந்தப் பாதமும் இருக்காது. பின்னால் யார் நின்றார்கள், எத்தனை பேர் என்று இனி ஒருவரும் தேடப் போவதில்லை. அவளுக்குத் தன் கட்டுரை நினைவுக்கு வந்தது. ‘எழில்’ என்று எழுதிக் கொடுத்தது அவள்தானே. அவர்கள் முகத்தின் மேல் வளர்ந்த புதரைப் பாராட்டி மேடையேறிக் கோப்பை வாங்கியதும் அவள்தானே.

மேலங்கிப் பையிலிருந்து சுரண்டுகத்தியை எடுத்தாள்.

“ஏம்மா, வேலை போயிரும்மா” என்றார் மரியசெல்வம்.

“போகும்ணே.”

அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு ஓவியத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, “யாரும் கிட்ட வராதீங்க! ஐயா உத்தரவு!” என்று கூட்டத்தை அதட்டினார்.

அவள் கிழித்தாள். இடமிருந்து வலமாக, அடி முதல் மேல்வரை, புதரில் ஒரு விரல் இடம் விடாமல். வாழ்நாள் முழுக்க ஒரு சுவரில்கூடக் கரிக்கோடு போட்டறியாதவள், பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்தாள். பச்சைப் பொடி அவள் செருப்பின் மேல் கொட்டியது.

கிழிசல்கள் மூட மூட, ஒவ்வொருவராக வந்தார்கள். பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. பத்தொன்பது பேர். எல்லார் கையிலும் மண்சட்டி, பனையோலைப் பட்டை, அத்தனையும் காலி. கரையில் நிற்கிறார்கள், தண்ணீரைத் தொடவில்லை. இறங்க உரிமையுள்ள ஒருத்தி மொண்டு ஊற்றுவாள் என்று காத்திருக்கிறார்கள். குளத்தில் நிற்கும் அந்த நகைக்காரியின் கடைக்கண் பார்வையைப் பற்றி மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். காதலனைத் தேடுகிறாள், தாமரையைப் பார்க்கிறாள், கடவுளைப் பார்க்கிறாள் என்று. அவள் எதையும் பார்க்கவில்லை. இவர்களைப் பார்க்காமல் இருக்கத்தான் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

கைபேசிகள் உயர்ந்தே இருந்தன.

விளக்கோடு மூச்சிரைக்க வந்த சிவசைலம் அப்படியே நின்றார். பத்தொன்பது பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“பிடி அவளை! போலீசைக் கூப்பிடு! கலைச்சொத்தைச் சேதம் பண்ணிட்டா!”

மரியசெல்வம் சட்டைப்பையிலிருந்து போலீசுக்கு அனுப்பும் புகார்ப் படிவத்தை எடுத்தார். ஓவியத்தின் அருகே போய்க் குனிந்து, நிமிர்ந்து, ஓரத்துக்கு ஓரம் நிதானமாகப் பார்த்தார். ஒரு நூல் பிரிந்திருக்கவில்லை. ஒரு கீறல் இல்லை.

“எழுதிரலாம் சார். என்ன சேதம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பாம புகார் போகாது. நீங்களே சொல்லுங்க.” பேனாவால் கரையைக் காட்டினார். “இவங்கள்ல யாரைச் சேதம்னு எழுதட்டும்?”