வலது கையின் இறுக்கம்

சட்டையை மாட்டிவிடும்போது கணவனின் வலது கை மிக லேசாக அவளை எதிர்த்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து ஈரத்துணி மாதிரி கிடந்த கை அது. அதற்கு முன்னால் கல்யாணமான நாள் முதல் அவள் கன்னத்தைப் பதம் பார்த்த கையும் அதுதான். அது விழுந்த பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். வெளியே சொன்னால் ஊர் காறித் துப்பும்.

சாயங்காலம் வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"டோன் வருதுக்கா, தசைக்கு முறுக்கு வருது! இத்தன நாளா ஃப்ளாசிட், சுத்தமா துவண்டு கெடந்துச்சு. இனி ஸ்பாஸ்டிக் ஆகும். நீட்டுனா இறுக்கிப் பிடிக்கும்."

"அது நல்லதா?"

"பின்ன? உங்க புண்ணியம். நார்மல் டோன் எப்படி இருக்கும்னு காட்டுறேன், உங்க கையக் குடுங்க." தூக்கிப் பார்த்தவளின் புருவம் சுருங்கியது. "ஏன்க்கா இப்படித் தொங்கப் போடுறீங்க?"

அவள் தொங்கப் போடவில்லை. பயத்தில் விறைப்பாக வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் கையிலிருந்து தம்ளர் நழுவியது, சாவி நழுவியது, ஜாக்கெட் கொக்கியைப் போட முடியவில்லை. அவன் விரல்களோ ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் மடங்கின. பேச்சு வராத அந்த வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் மலம் அள்ளியதற்கு நல்ல கூலி!

இன்னொரு சாயங்காலம், மின்விசிறி கடகடவென்று சுற்ற, தைல நெடியும் மூத்திர நெடியும் கலந்து தொண்டையை அடைக்க, திரைச்சீலை வழியே வந்த மஞ்சள் வெளிச்சம் கட்டில் காலடியில் தேங்கி நிற்க, அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தைலக் குப்பியைத் திறக்கப் பார்த்தாள். மூடி அசையவில்லை. குப்பி மடியில் விழுந்தது. தைலம் தொடையில் பரவியது.

கட்டில் கிறீச்சிட்டது.

அவள் திரும்பவில்லை. சுவரில் ஒரு நிழல். முழங்கை மடங்கியது. மேலே போனது.

வாசல் மணி அடித்தது. "அக்கா, நாந்தான். இன்னைக்கு டோன் எப்படி இருக்கு?"

எழ வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். அடி விழுமுன் முகத்தையாவது மறைக்க வேண்டும்.

சுவரில் அந்தக் கை ஓங்கி நின்றது. அவளுடைய இரண்டு கைகளும் மடியில், தைலத்தில் நனைந்தபடி, அப்படியே கிடந்தன.