ஆள் இரண்டு

பகல் இரண்டு மணிக்கு ஜீப் அவளைக் கள ஆய்வு நிலையத்தின் வாசலில் இறக்கிவிட்டது. நாற்பது நாளாகப் பூட்டிக் கிடந்த அறையில் எலி நாற்றம். கட்டிலுக்கடியில் அவளுடைய பூட்ஸ் சேறு காய்ந்து, விட்டுப்போனபடியே கிடந்தது. ஐந்து மணிக்குள் திரும்பிவிடச் சொன்ன டிரைவர், கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார். வனக்காவலர் ஒருத்தர் வழியில் சேர்ந்துகொள்வார் என்று வாய் கூசாமல் சொன்னாள்.

படிப்பு என்னவோ காட்டுயிர்களைக் காப்பாற்றுகிற முதுகலைப் படிப்புதான். இரண்டு வருடத்தில் அவள் தேறியது பொய் சொல்வதில்.

அந்தக் காட்டில் அவளுடைய ஆய்வுக்காகப் பதினேழு கேமராக்களை மரங்களில் கட்டியிருந்தார்கள். உடம்புச் சூடுள்ள எது எதிரே அசைந்தாலும் தானாகப் படம் பிடிக்கும். படம் பதிவாகும் கார்டை மாற்றப் போகிறவர்கள் முதலில் ஒரு சிலேட்டை அதன்முன் பிடிக்க வேண்டும்: கேமரா எண், தேதி, வந்திருக்கும் ஆட்கள். இரண்டு பேருக்குக் குறைந்து போகவே கூடாது. பிறகு ஒருத்தர் எதிரே தவழ்ந்து போக, சிவப்பு விளக்கு மினுங்குகிறதா என்று மற்றவர் பார்ப்பார். தவழ்வது எப்போதும் வழிகாட்டி அண்ணன்தான். வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, "கரடி வருது டாக்டரம்மா, நல்லாப் பாத்துக்குங்க" என்பார். பட்டம் வாங்குமுன்பே அவளை டாக்டராக்கியவர் அவர் ஒருத்தர்தான்.

போன தடவை வந்திருந்தபோது அவளுக்கு ஆய்வறிக்கை எழுதுகிற அவசரம். அந்தப் பக்கம் குட்டியோடு ஒரு கரடி திரிவதை முந்தின நாள் படத்தில் பார்த்திருந்தாள். சொன்னால் அண்ணன் ஒரு வாரத்துக்குப் போக மாட்டார். சொல்லவில்லை. சிலேட்டில் 'கேமரா 17, ஆள் 2' என்று தன் கையாலேயே எழுதி, அவரை மட்டும் அனுப்பினாள்.

உடம்பு ஓடையோரத்தில் கிடைத்தது. சிலேட்டு கிடைக்கவில்லை. தான் தடுத்தும் கேளாமல் போனார் என்று விசாரணையில் சொன்னாள். வெளியே வந்தபோது அண்ணனின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு யார் பேச்சையும் தட்ட மாட்டாரேம்மா. நீ வேண்டாம்னு சொல்லியுமா போனாரு?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

கரடிக்குப் பயந்து அடைத்திருந்த பாதையை நேற்றுதான் திறந்தார்கள். பதினேழாம் கேமராவின் கார்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. அதில் அவளுடைய கையெழுத்தும் இருக்கும். அதை அழிக்கத்தான் வந்தாள்.

காட்டுக்குள் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. கேமராவைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள். கார்டை எடுத்து, படம் பார்க்கிற தன் கைக்கருவியில் செருகினாள்.

முதல் படத்தில் அண்ணன் சிலேட்டைப் பிடித்துச் சிரிக்கிறார். அடுத்ததில் தவழ்கிறார். விளக்கைப் பார்க்க ஆளில்லாதபோதும் முறை தவறாமல் தவழ்ந்திருக்கிறார், பாவம்.

மூன்றாவதில், மாலை நாலு பத்துக்கு, அவருக்குப் பின்னால் கரடி.

நாலாவது, மறுநாள் எடுத்தது. அதே நாலு பத்து. அண்ணன் நிற்கிறார்.

அதற்கும் மறுநாள். நாலு பத்து.

ஒரு நாள் தவறாமல் நாற்பது படம். சிரிப்பில்லை. யாரோ வர வேண்டியதுபோல் பாதையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சிலேட்டில் இரண்டை அழித்து, ஒன்று என்று எழுதியிருந்தது.

சூடில்லாத உடம்பை அந்தக் கேமரா படம் பிடிக்காது.

மணி பார்த்தாள். நாலு ஒன்பது.

"அண்ணே, மன்னிச்சிருங்க" என்று முணுமுணுத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எல்லாப் படத்தையும் அழித்தாள்.

கிராம்பு வாசம் வந்தது.

கையில் பேட்டரி இருக்க, மரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கியது. எதிரே யாரும் இல்லை. புல் மட்டும் தாழ்வாக, மெதுவாக, அவள் பக்கமாக மடங்கிக்கொண்டு வந்தது.

ஜீப்புக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை கார்டை லேபில் ஒப்படைத்தாள். கேமரா பழுது, எதுவும் பதிவாகவில்லை என்றாள். புதிதாக வேலைக்கு வந்திருந்த லேப் உதவியாளர், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கணினியில் செருகினார். ஒரே ஒரு படம் இருந்தது. அவள் காட்டுக்குப் போன தேதி, நாலு பத்து. அவள் குனிந்து கருவியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். முதுகோடு ஒட்டினாற்போல், கையில் சிலேட்டோடு அண்ணன். இப்போது அவர் பாதையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்க்கிறார்.

உதவியாளர் சிலேட்டைப் பெரிதாக்கினார். "தனியாப் போனீங்களோன்னு புரொபசர் பயந்துட்டிருந்தாரு. ஆள் ரெண்டுன்னு சரியாத்தான் எழுதியிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அந்த அறையில், அவள் தோளுக்கு மிக அருகில், யாரோ கிராம்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது.