மடிப்புக்குள் விட்ட துணி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்டே. மழைச் சத்தத்தில் என் குரல் கரைந்துபோகும். ஒரு தையல்காரியின் கதை சொல்கிறேன், கேளுங்கள். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. பிடிக்குமுன் அது யார் கை என்று மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் அந்தப் பெருநகரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அவள் சின்ன மகனின் மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு கை மட்டும் விரல்களை மூடிக்கொண்டு தொங்கியது. வீட்டைவிட்டுக் கிளம்புமுன் இரண்டு கைகளையும் உள்ளே மடித்து, மணிக்கட்டு தெரியும்படி நூலோட்டிவிட்டவள் அவள்தான்.

"சுண்டு, இங்க வா. எதுல மாட்டி இழுத்த?"

"நான் ஒண்ணும் பண்ணலை." அவன் தொங்கும் கையை யானைத் துதிக்கை மாதிரி ஆட்டினான். "அம்மா, நான் கோட்டைப் போட்டிருக்கேனா, இல்ல கோட்டு என்னை முழுங்கிடுச்சா?"

"நம்ம வீட்டுத் தையல்காரி அளவெடுக்கிற லட்சணம் அப்படிடா," என்றார் அவன் அப்பா.

அவள் சிரிப்பாளா என்று பார்த்தார். வேன் ஓட்டுகிறவர், இரண்டு நாள் சவாரியை விட்டுவிட்டு இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதே அவள் ஒரு தரம் வாய்விட்டுச் சிரிக்க மாட்டாளா என்றுதான். அவள் உதட்டளவில் சிரித்துவிட்டு விளிம்பைத் தடவினாள். கிழிசல் இல்லை. நூல் அறுந்த பிசிறு இல்லை. யாரோ பொறுமையாக, ஒவ்வொரு தையலாக உருவியெடுத்திருந்தார்கள்.

அந்தக் கோட்டு சுண்டுவுக்குத் தைத்ததல்ல. அவன் அக்காவுக்குத் தைத்தது. குட்டையில் குதிக்காமல் ஒரு தெருவைத் தாண்ட மாட்டாள் என்பதால் அவளை எல்லாரும் 'வாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த நகரத்துப் பெரிய கடை ஒன்றில் கண்ணாடி லிஃப்ட் இருக்கிறதாம், மேலே போகப் போக மனிதர்கள் எறும்பாகிவிடுவார்களாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, கூட்டிப் போ என்று உயிரை வாங்கினாள். போன வருஷ மழைக்காலத்தில் போகலாம் என்று முடிவாயிற்று. வளர்கிற பிள்ளை என்று கைகளிலும் கீழ்விளிம்பிலும் தாராளமாகத் துணி விட்டு, உள்ளே மடித்துத் தைத்தாள் அம்மா.

"உள்ள எவ்வளவும்மா துணி விட்டிருக்க?" என்று முக்காலிமேல் நின்றபடி கேட்டாள் வாத்து.

"நீ எவ்வளவு வளர்ந்தாலும் இருக்குடி."

தையல் அறையில் வாத்துக்கும் ஒரு வேலை உண்டு. தப்பாய் விழுந்த தையலை நூல் அறாமல் பிரித்து, சுண்டுவிரலில் மோதிரம்போலச் சுற்றி வைப்பாள். அம்மாவைவிட அவளுக்கு அது நன்றாக வரும்.

பயணத்துக்கு முந்தின வாரம் வாத்துக்குக் காய்ச்சல் கண்டது. கிளம்ப வேண்டிய நாள் வந்தபோது பிள்ளை இல்லை. கோட்டு ஒரு துளி மழையைக்கூடப் பார்க்கவில்லை.

"சின்னவனுக்கு அளவா வெட்டித் தச்சிடேன்," என்றார் அவர் இந்த வருஷம். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள், வைத்தாள். அந்தத் துணியில் இரும்பை வைக்க மனசு வரவில்லை. மடித்து நூலோட்டியதோடு விட்டுவிட்டாள்.

அன்று ராத்திரி தங்கிய விடுதி அறையில் ஈரச் சுவரின் வாடையும், யாரோ எப்போதோ குடித்த சிகரெட்டின் வாடையும் கலந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே குழாய்வழியே மழைத் தண்ணீர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இறங்கியது. கைப்பையில் எப்போதும் இருக்கிற ஊசியை எடுத்து, நூலை இரட்டையாகக் கோத்து, கோட்டின் மடிப்புகளை மறுபடி அழுத்தித் தைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இருக்கிற பிள்ளையைப் பாரும்மா. ஒரு வருஷமா அவன் உன் முதுகைத்தான் பார்த்துட்டிருக்கான்."

சுருக்கென்றது. உண்மை எப்போதும் ஊசி மாதிரிதானே, நுழைகிற இடம் தெரியாது, வலி மட்டும் தெரியும். அவள் போய்ச் சுண்டுவை அணைத்துப் படுத்துக்கொண்டாள். அவன் தூக்கத்திலேயே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இனி இவனை விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கண் செருகினாள். அப்போது, குழாயின் கனைப்புக்கும் மழையின் இரைச்சலுக்கும் அடியில், ஒரு சின்னச் சத்தம். விறைப்பான துணியின் வழியே நூல் உருவப்படும் சத்தம். உலகத்தில் எந்தச் சத்தத்தை மறந்தாலும் அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

கண்ணைத் திறக்கவில்லை.

விடிந்தபோது கோட்டின் மடிப்புகள் அத்தனையும் பிரிந்து கிடந்தன. அவள் சுண்டுவுக்காக ஓட்டியவை மட்டுமல்ல; வாத்துக்காகத் தைத்தவையும். கதவின் தாழ்ப்பாளில் ஒரு நூல் வளையம். சுண்டுவிரல் அளவு. அறாத நூல்.

"எனக்கு அந்தக் கோட்டு வேண்டாம்மா," என்றான் சுண்டு. "கைக்குள்ள யாரோ விரலை வச்சிருக்காங்க."

"சும்மா உளறாதடா." வெளியே மழை கொட்டியது, குடை ஒன்றுதான். அவனுக்கு அதை மாட்டிவிட்டாள். பொத்தான்களை அவசர அவசரமாகப் போட்டாள். ஆனால் கண்ணுகளா, அந்த அவசரத்துக்கு அடியில் பயம் மட்டும் இல்லை. பயத்துக்குக் கீழே, மடித்துத் தைத்த துணிபோல, ஒரு சந்தோஷமும் இருந்தது. அதுதான் பொல்லாதது.

கடை மழைக்கு ஒதுங்கியவர்களால் பிதுங்கியது. ஈரத் துணியின் நெடி, ரப்பர்ச் செருப்புகளின் கீச்சொலி, பகலிலேயே ஏற்றிவைத்த வெள்ளை விளக்குகள். நடுவில் அந்தக் கண்ணாடி லிஃப்ட், யாரையும் ஏற்றாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"சாருக்கு அவசரமாம், அடக்க முடியலையாம்," என்று சிரித்துக்கொண்டே அவர் சுண்டுவின் கோட்டைக் கழற்றி லிஃப்டுக்குப் பக்கத்துக் கம்பியில் போட்டார். "இங்கேயே நில்லு. நகராத."

இருவரும் கூட்டத்துக்குள் போனார்கள். அவள் கோட்டுக்கு முதுகைக் காட்டி, அவர்கள் போன திசையையே பார்த்து நின்றாள். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சொட்டவில்லை.

அவள் உள்ளங்கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. ஈரமாக. சில்லென்று.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

கோட்டோடு தைத்த தலைமூடி முகத்தை மறைக்க, மஞ்சள் கோட்டு அவளை இழுத்தது. லிஃப்ட் திறந்திருந்தது. பிள்ளை ஆசைப்படுகிறான் என்று உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

லிஃப்ட் எழும்பியது. அப்போதுதான் தையல்காரியின் கண் அளவைப் பார்த்தது. சுண்டுவுக்குத் தரையைக் கூட்டிய விளிம்பு, இப்போது முழங்காலில் நின்றது.

கண்ணாடிக்கு வெளியே, கீழே, வேன்காரர் வெறும் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோளில் சுண்டு. வெள்ளைச் சட்டை. கோட்டு இல்லை.

பொத்தானைத் தட்டினாள். எல்லாப் பொத்தானையும். லிஃப்ட் நிற்கவில்லை.

சுண்டு அவளைப் பார்த்துவிட்டான். "அம்மா!" என்று வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் நீட்டியது ஒரு கை. இன்னொன்றை உருவப் பார்த்தாள். விடவில்லை.

"அம்மா." பக்கத்திலிருந்து. தூறல் மாதிரிக் குரல். "எல்லாத்தையும் பிரிச்சிட்டேன். உள்ள இன்னும் துணி இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியும். கீழே ஒரு பிள்ளை கை நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் போன வருஷம் முழுக்க அந்தக் குரலுக்காகக் காதைத் தீட்டிக் கிடந்தவள் ஆயிற்றே. நினைக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

"இருக்குடி. நீ எவ்வளவு வளர்ந்தாலும் இருக்கு."

துணி விறைக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் தலைமூடி அவள் இடுப்புக்கு வந்தது. தோளுக்கு வந்தது. கீழே சுண்டு எறும்பாகிக்கொண்டிருந்தான். பிறகு தலைமூடி அவள் உயரத்தைத் தாண்டி, கூரையை முட்டி, மெல்லக் குனிந்தது. அவள் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்தாள். அவள் இப்போது எதையும் பிடித்திருக்கவில்லை. அவளுடைய கை முழுதும், மணிக்கட்டு வரை, ஈரமான ஒரு பெரிய உள்ளங்கைக்குள் இருந்தது. கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல.

போதும் கண்ணுகளா, மழை விட்டுவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மடித்த துணியெல்லாம் பிரித்துப் பிரித்து, பற்றாமல் போய், புதுத்துணி கேட்டு அடம்பிடித்து வளரட்டும். உங்கள் வீட்டில் ஒரு மடிப்பும் பிரிக்கப்படாமல் மிஞ்ச வேண்டாம்.